பழைய சேலையும் பால் டின்னும்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதுகிறார் என்றால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் கட்டட நிதியைப் பற்றியுமே எழுதுவார் என்று நீங்கள் எண்ணியிருக்கக் கூடும். அவற்றுக்கு இம்மலரில் வேறு பக்கங்கள் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பவை உங்கள் வீட்டு அடுப்படியிலும் கட்டிலடியிலும் கிடக்கும் சில பொருள்கள். பிள்ளை குடித்து முடித்த பால்மாவு டின், அளவுக் கோடிட்ட பால் புட்டி, ஏணை கட்டிய சேலை, உறங்கும் பிள்ளைமேல் கவிழ்த்த கொசுவலைக் குடை. இவற்றை எறிவதா, வைத்துக்கொள்வதா, வைத்துக்கொண்டால் எதற்குப் பயன்படுத்துவது என்பது சில்லறைச் செய்தி போலத் தோன்றும். சில்லறைச் செய்தியன்று. இதில் பிள்ளையின் கல்வி இருக்கிறது; சில வேளைகளில் பிள்ளையின் உயிரும் இருக்கிறது.

"நேரமில்லை, சார்" என்பதே பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கூறும் சொல். அதை நான் மறுப்பதில்லை. நம் பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றித் தோட்டம் இல்லை. கிள்ளான், காப்பார், ஷா ஆலாம், பூச்சோங் வட்டாரங்களில் இரப்பரும் செம்பனையும் நின்ற இடங்கள் பலவற்றில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. தந்தை கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வருகிறார். தாய் விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருப்போர் பிள்ளை உறங்கிய பின்னரே வீடு திரும்புகின்றனர். ஆயினும் இந்த நேரமின்மை நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. உங்கள் பாட்டிமார் இருட்டில் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, பால் மரம் சீவப் போயினர். வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையில்தான் மரம் நன்றாகப் பால் விடும். ஆகவே வேலை அந்நேரத்தில் தொடங்கியாக வேண்டும். உறங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, காண்டா வாளியோடு நிரைக்குப் போன அந்தத் தாய்மாரைவிட நேரமில்லாதவர் யார்?

அவர்கள் கையில் எந்தப் பொருளும் ஒரே வேலையோடு முடிந்ததில்லை. சேலையையே எடுத்துக்கொள்வோம். உடுத்தி, துவைத்து, வெளுத்து, இனி வெளியே கட்டிச் செல்ல இயலாது என்ற நிலையை அடைந்த பருத்திச் சேலை, வீட்டில் பிள்ளை பிறந்ததும் ஏணையாகும். கொட்டகை உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய ஏணைகள் ஒவ்வொன்றும் ஒரு தாயின் சேலை. பிள்ளைக்கு அதில் தாயின் மணம் இருந்தது. ஏணையிலிருந்து பிள்ளை இறங்கியதும் சேலை கிழிந்து அணையாடைத் துண்டுகள் ஆகும். அணையாடை தேவைப்படாத பருவம் வந்ததும் அத்துண்டுகள் தரை துடைக்கப் போகும். ஓரத்தில் எடுத்து வைத்த நல்ல துண்டு அடுப்பிலிருந்து பானை இறக்கும் கரித்துணியாகும். மிஞ்சிய நூலிழை விளக்குத் திரியாக எரிந்து முடியும். ஒரே சேலை ஐந்து வேலை செய்து, குப்பைக்குப் போகாமலே மறைந்தது.

பழையது என்பதனாலேயே இரண்டாந்தரம் என்று நாம் கருதிவிடுகிறோம். வங்காளதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடிக்கும் சிற்றூர்ப் பெண்களிடம், சேலைத் துணியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிக்கக் கற்றுக்கொடுத்தனர். வாந்திபேதிக் கிருமி நீரிலுள்ள மிகச் சிறிய உயிரிகளின் உடலில் ஒட்டி வாழ்வது. அவ்வுயிரிகள் துணியில் தங்கிவிட்டால் கிருமியில் பெரும்பகுதியும் அங்கேயே நின்றுவிடும். அவ்வூர்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று அமெரிக்க அறிவியலாளர் ரீட்டா கோல்வெல்லும் அவர் குழுவினரும் 2003 இல் வெளியிட்டனர். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச் சேலையைவிடப் பழைய சேலையே நன்றாக வடித்தது. பல முறை துவைத்ததனால் நூலிழைகள் தளர்ந்து பரவி, இழைகளுக்கு இடையிலிருந்த துளைகள் சுருங்கிவிட்டமையே காரணம். பாட்டியின் பெட்டியில் கிடந்த நைந்த துணி ஆய்வுக்கூடத்தில் முதல் பரிசு பெற்றது என்றே சொல்லலாம்.

இன்னொன்றும் கூறுவேன். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரமான பொகோத்தாவில், 1978 இல், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகள் போதாமல் மருத்துவமனை ஒன்று திண்டாடியது. மருத்துவர் எட்கர் ரே சனாபிரியா, பிள்ளையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படும்படி வைத்துத் துணியால் கட்டிவிடச் செய்தார். தாயின் உடற்சூடே பெட்டியின் வேலையைச் செய்தது. 'கங்காரு முறை' என்று பெயர் பெற்ற அதை இன்று பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளும் பின்பற்றுகின்றன. நம் தாய்மார் முதுகிலும் இடுப்பிலும் பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்ததை நாகரிகமற்றது என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இவ்வாறு எழுதுவதால் வறுமையைப் போற்றுகிறேன் என்று யாரும் கருத வேண்டா. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் துணி கிடைக்காமல் நம்மவர் சாக்கை வெட்டி உடுத்தினர். அதில் பாராட்டுதற்கு ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் உடுத்தினர், உடம்பெல்லாம் புண்ணாயிற்று. இல்லாமையால் செய்வது வேறு. இருக்கும்போதே எண்ணிப் பார்த்துச் செய்வது வேறு. நான் பேசுவது பின்னதைப் பற்றி.

இனிப் பால் டின்னுக்கு வருவோம். இந்நாட்டில் சேலைக்கு அடுத்தபடியாகப் பல வேலை செய்த பொருள் அதுதான். 14 அவுன்சு, அதாவது 397 கிராம் இனிப்புப்பால் அடைத்து வந்த அந்தச் சிறிய டின், காலியானதும் அரிசிப் படியாயிற்று. "இரண்டு டின் போடு" என்றால் எவ்வளவு அரிசி என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். சீனர் காப்பிக் கடைகளில் அதில் துளையிட்டுக் கயிறு கோத்துக் காப்பி ஊற்றித் தருவார்கள். சூடான டின்னைக் கயிற்றைப் பிடித்து ஆட்டாமல் கொண்டுவருவது சிறுவர்களுக்கு ஒரு கலை. பெரிய டின்கள் வேறு வகையில் உழைத்தன. சதுர பிஸ்கட் டின்னில் தீபாவளி முறுக்கு நமுத்துப்போகாமல் இருந்தது. எண்ணெய் டின்னின் வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. மைலோ டின் இரண்டில் கயிறு கட்டிக் காலடியில் வைத்து நடந்த பிள்ளைகள் இன்று தாத்தாக்கள்.

ஆனால் அதே பால் டின்னுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் டின்னைப் புகழ்வது நேர்மையாகாது. தாய் வெளிக்காட்டில், பிள்ளை கொட்டகையில், பசிக்கிறது. காப்பிக்கென்று வாங்கிய இனிப்புப்பாலை வெந்நீரில் கரைத்து, சோடாப் புட்டியில் ஊற்றி, இரப்பர்க் காம்பு மாட்டிக் கொடுத்தால் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். நேரமில்லாத வீட்டுக்கு அது பெரிய உதவியாகத் தோன்றியது. மரத்துப் பாலை எடுக்கப் போனவளின் பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. அந்த மரத்துப் பாலிலிருந்து செய்த காம்பு மட்டும் கடையிலிருந்து திரும்பி வந்தது. இனிப்புப்பாலின் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை. கரைத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை நீரே. கொழுப்பு நீக்கிய பாலில் செய்ததாயின் ஏ உயிர்ச்சத்தும் இராது. அதனால் கண் பார்வை கெட்ட பிள்ளைகளும் உண்டு. கழுவ இயலாத புட்டியின் கழுத்தில் வளர்ந்த கிருமி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இதைக் கண்டு பொறுக்காமல் பேசியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் 'குவாசியோர்க்கர்' என்ற பிள்ளைநோயை உலகுக்கு எடுத்துரைத்தவர், பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டவர். 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் கூடியிருந்த அவையில், 'பாலும் கொலையும்' என்று தம் உரைக்குத் தலைப்பிட்டார். தாய்ப்பாலுக்கு ஈடு என்று கூறி இனிப்புப்பாலைத் தாய்மாரிடம் விற்பதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று நேருக்கு நேர் கூறினார். விருந்துண்டுகொண்டிருந்த அவைக்கு அந்தச் சொற்கள் எப்படி இருந்திருக்கும்! பின்பு சப்பானியர் அவரைச் சாங்கி சிறையில் அடைத்தனர். அவர் அதையும் கடந்து நெடுநாள் வாழ்ந்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வகுக்கும் விதித்தொகுப்பை உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொள்ள 1981 வரை காலம் பிடித்தது. இன்று கடையில் உள்ள பல டின்களில் செம்பனை எண்ணெய் கலந்த 'கிரிமர்' என்றே அச்சிட்டிருக்கிறது. இருந்தும் "அவசரத்துக்கு ஒரு கரண்டி" என்று பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

அவசரத்துக்கு நம்மிடம் வேறொரு பழம்பொருள் இருந்தது. மூக்கு வைத்த சிறு சங்கு. 'பாலாடை' என்றும் சொல்வர். தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் ஊற்றிப் பிள்ளையின் வாயோரம் வைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுவார்கள். காம்பு இல்லை, கழுத்து இல்லை, கிருமி ஒளிவதற்கு மூலை இல்லை. கொதிநீரில் போட்டெடுத்தால் சுத்தம். எடை குறைந்து பிறந்து, மார்பில் பால் உறிஞ்ச இயலாத பிள்ளைகளுக்குக் குவளையிலோ கரண்டியிலோ இந்தப் பாலாடையிலோ புகட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதன் பெயரையே எழுதியிருக்கிறது. பூசை அலமாரியில் வெள்ளிச் சங்கை அழகுக்கு வைத்திருக்கும் வீடுகள் கிள்ளானில் எத்தனை! எடுத்துப் பயன்படுத்தலாம்.

நான் சொல்ல வந்தது இப்பொழுது தெளிவாகியிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் வண்டியோட்டியவர்களுக்கு ஒருவழிச் சாலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை; பத்து அடி தொலைவில் இருக்கும் கடைக்கு ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். வீட்டுப் பொருள்களுக்கும் அப்படி ஒரு சாலை உண்டு. பிள்ளையின் பொருள் வீட்டுக்கு வரலாம். வீட்டின் பொருள் கொல்லைக்குப் போகலாம். கொல்லையிலிருந்து எதுவும் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. பெரியவர்களின் பண்டத்துக்கு இருந்த எதுவும் ஆராயாமல் பிள்ளையின் வாய்க்குப் போகக் கூடாது. நம் பாட்டியின் சேலை இந்தச் சாலையில் ஒழுங்காகப் போயிற்று. உடம்பிலிருந்து ஏணைக்கு, ஏணையிலிருந்து தரைக்கு. தரை துடைத்த துணியை எடுத்து எந்தப் பாட்டியும் இட்லித் தட்டில் விரித்ததில்லை. இனிப்புப்பாலோ காப்பிக் குவளையிலிருந்து பிள்ளையின் புட்டிக்கு எதிர்த் திசையில் போயிற்று.

எதிர்த் திசையில் போவனவற்றுள் மிகக் கொடியது நஞ்சு. நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் ஒரு வீட்டில், கொல்லைப் புல்லுக்கு அடிக்கவென்று களைக்கொல்லியைச் சிறிதளவு ஊற்றி வாங்கி வந்து, ஆரஞ்சுப் பானம் வந்த புட்டியில் வைத்திருந்தனர். ஐந்து வயதுப் பையன் விளையாடி வந்த தாகத்தில் அதை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டான். அன்று மாலை வாந்தி, வாய்ப்புண். மறுநாள் எழுந்து உட்கார்ந்து பேசினான். பிழைத்துவிட்டான் என்று லயமே மகிழ்ந்தது. பத்தாம் நாள் மூச்சுவிட முடியாமல் இறந்தான். அந்த மருந்தின் இயல்பு அதுவென்று பின்னர் படித்தபோது அறிந்தேன். பாராகுவாட் என்னும் அந்நஞ்சு நுரையீரலில் போய்த் தங்கி மெல்ல மெல்ல அதை இறுக்கிவிடும். இன்றுவரை அதற்கு மாற்று மருந்து இல்லை. கருந்தவிட்டு நிறத்தில் காப்பி போல, கோலா போல இருந்ததால் உலகெங்கும் பலர் தவறிக் குடித்தனர். அதன் பிறகே தயாரிப்பாளர்கள் அதில் நீல நிறத்தையும் தீய நாற்றத்தையும் வாந்தி வரச் செய்யும் மருந்தையும் சேர்த்தனர். நம் நாட்டில் 2002 இல் தடை, 2006 இல் தளர்வு என்று அலைந்து, 2020 சனவரி முதல் நாளிலிருந்து அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

பாராகுவாட் போயிற்று, புட்டிப் பழக்கம் போகவில்லை. வண்ணப் பூச்சுக்கு வாங்கிய தின்னர், வெளுக்கும் திரவம், மலிவாக மொத்தமாக வாங்கிப் பிரித்த சலவைத் திரவம் எல்லாம் கனிமநீர்ப் புட்டிகளில் அமர்ந்திருப்பதை அடுக்குமாடி வீடுகளின் அடுப்படிகளில் காண்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை புட்டியின் வடிவத்தைத்தான் படிக்கும். அதற்கு அந்த வடிவத்தின் பொருள் 'குடி' என்பது. மேலே காகிதம் ஒட்டி எழுதிவைத்தேன் என்பது எழுத்தறிந்தவர் கூறும் சமாதானம். தப்பித் தவறிக் குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்ய வேண்டா. மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை வாந்தியோடு மேலேறும்போது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். வெளுக்கும் திரவம் தொண்டையை இரண்டாம் முறை சுடும். பிள்ளையோடு அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தின் எண்ணைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பது நல்லது. மறுதலையாக, பூச்சிமருந்து வந்த பிளாஸ்டிக் கலங்களைக் கழுவிவிட்டு மழைநீர் பிடிப்பதும் ஆகாது. சில மருந்துகள் பிளாஸ்டிக்கின் சுவரிலேயே ஊறியிருக்கும், எத்தனை முறை கழுவினும் போகா.

பயன்படும் என்று எடுத்து வைத்துவிட்டு மறந்துபோகும் டின்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை கொடுக்காத டின்னுக்கு ஏடிஸ் கொசு வேலை கொடுத்துவிடும். மழை பெய்து ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிறது. நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கும். டெங்கிக் காய்ச்சலில் சிலாங்கூர் முன்னணியில் நிற்பதற்கு நம் வீட்டுப் பின்புறங்களும் துணை செய்கின்றன. வேலை முடிவாகாத பொருளை அன்றே எறிந்துவிடுக.

எறிந்தே தீர வேண்டியவை சிலவும் உண்டு. விபத்தில் சிக்கிய காரிலிருந்து எடுத்த பிள்ளை இருக்கையை, வெளியே கீறல் தெரியாவிடினும், அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அவ்விருக்கை 2020 சனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம் என்பதால் பழையதை மலிவாக வாங்கும் ஆசை எழுகிறது; அதன் வரலாறு தெரியாவிட்டால் வாங்காதீர். அண்ணனுக்கு வாங்கித் தம்பிக்காகப் பாட்டி பத்திரப்படுத்திய பால் புட்டி 2012 மார்ச்சுக்கு முந்தியதாயின் அதுவும் வேண்டா; பிஸ்பினால் ஏ என்னும் வேதிப்பொருள் கொண்ட புட்டிகளை அப்போதுதான் அரசாங்கம் தடை செய்தது. சக்கரம் வைத்த நடைவண்டியைக் கனடா 2004 இல் அடியோடு தடை செய்தது. பழையதைக் கைமாற்றி விற்பதும் அங்கே குற்றம். படிக்கட்டில் உருண்ட பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படி.

மற்றவற்றுக்கு நேரமில்லாத பெற்றோரின் கைக்கு எட்டும் வேலைகள் ஏராளம். கொசுவலைக் குடையின் கீழ் வடகமும் மோர் மிளகாயும் காயவைத்தால் காக்கையும் ஈயும் நெருங்கா; இதைக் கண்டுபிடித்த தாய் யாரோ, அவருக்கு என் வணக்கம். குளிப்பாட்டும் தொட்டி மூன்றாம் மாடி வெளித்தாழ்வாரத்தில் கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் பாத்தியாகும், அடியில் துளையிட்டால். கழிவறைத் தாள் சுருளின் நடுவிலிருக்கும் அட்டைக் குழலை எறியாமல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழையும் எப்பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கொண்டு அகற்றிவிடலாம். காசில்லாத கருவி, வீட்டைச் சுற்றி வர ஐந்து நிமிடம் போதும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை நூறு வரை எண்ணைச் சொல்லிவிடுகிறது. பத்துப் புளியங்கொட்டையை எண்ணித் தரச் சொன்னால் ஒன்பதாகவோ பதினொன்றாகவோ தருகிறது. வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. இதற்கு மருந்து கடையில் விற்கும் வண்ண அட்டைகள் அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒரு பால் புட்டியை எடுங்கள். 240 மில்லிலிட்டர், 30, 60, 90 என்று எட்டுக் கோடுகள். அதுவே முப்பதாம் வாய்பாடு. நான்கு முறை நிரப்பி ஊற்றினால் 960. ஒரு லிட்டருக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று பிள்ளையைக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தில் கொள்ளளவுப் பாடம் வரும்போது அது திகைக்காது.

பால்மாவு டின்னுக்குள் கிடக்கும் சிறு கரண்டி இன்னும் பெரிய ஆசான். இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் கரண்டிகளைக் கொடுத்து ஒரே குவளையை மணலால் நிரப்பச் சொன்னால், ஒரு பிள்ளை பன்னிரண்டு என்னும், இன்னொன்று பதினைந்து என்னும். இருவரும் சண்டையிடுவர். அந்தச் சண்டை தீரும்போது தர அளவை எதற்கு என்பது ஆசிரியர் சொல்லாமலே விளங்கிவிடும். (தாய்மாருக்கு இடையில் ஒன்று: அதனால்தான் ஒரு டின்னின் கரண்டி தொலைந்தால் மற்றொரு டின்னின் கரண்டியால் பிள்ளைக்குப் பால் கலக்கக் கூடாது. பால் நீர்த்தும் போகும், அளவுக்கு மீறிக் கெட்டியாகவும் போகும்.)

இப்படிக் கற்பிப்பது ஏழைப் பள்ளியின் சமாளிப்பு என்று எண்ணுவோர்க்கு இருவரை நினைவூட்டுவேன். மரியா மாண்டிசோரி 1907 இல் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, அங்கு வந்தவர்கள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் தொழிலாளரின் பிள்ளைகள். ஊற்றுதல், துடைத்தல், சலித்தல், பொத்தான் மாட்டுதல் ஆகிய வீட்டு வேலைகளையே அவர் பாடமாக்கினார். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அரவிந்த் குப்தா கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர். 1972 இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் வந்து சேர்ந்து, தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொண்டு வடிவியல் கற்பித்தார். குப்பையிலிருந்து அவர் செய்த பொம்மைகளுக்காக இந்திய அரசு 2018 இல் பத்மஸ்ரீ விருதளித்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையிலும் இரப்பர்க் கொட்டையிலும் செய்து பார்த்தவை இவர்களுடைய கருவிகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

சென்ற தவணையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மைலோ டின்னில் வண்ணத் தாள் ஒட்டிப் பென்சில் குவளை செய்து வந்தாள். வகுப்பில் வேறு சில பிள்ளைகள் எழுதுபொருள் கடையில் ஆயத்தமாக விற்கும் பெட்டிகளை வாங்கி வந்திருந்தனர். அவள் தன்னுடையதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "மறந்துவிட்டேன்" என்று ஆசிரியையிடம் கூறிவிட்டாள். பை தவறி விழுந்து டின் உருண்டதால்தான் அது வெளிப்பட்டது. ஏழு வயதில் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? பள்ளியில் கற்றிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆயின் பழைய பொருளைக் கையிலெடுத்ததும் "அதைத் தூக்கிப் போடு, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று வீட்டில் கேட்ட சொல்லும் அதில் இருக்கும். கடைப் பெட்டியை வாங்கியது தாயின் சம்பளம். டின்னைச் செய்தது பிள்ளையின் கை. மதிப்பெண் எதற்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆசிரியர்களுக்கும் அவ்வாறே கூறியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டுப் பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில், முதலாம் ஆண்டு வகுப்பின் ஒரு மூலையில் அலமாரி ஒன்று வைக்கப்படும். அதற்குப் பால்மாவு டின்கள், அளவுக் கரண்டிகள், கோடு அழியாத பால் புட்டிகள், பிஸ்கட் டின்கள், துவைத்த பழைய சேலைத் துண்டுகள் ஆகியவற்றைப் பெற்றோர் அனுப்பி உதவலாம். டின் விளிம்பு கையைக் கிழிக்காதவாறு மடித்துத் தட்டியிருக்க வேண்டும். எடுத்து வர நேரமில்லாதவர்கள் பிள்ளையிடமே கொடுத்தனுப்புக. ஒவ்வொரு கலத்திலும் முன்பு என்ன இருந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட்டுவிடுக. என்ன இருந்தது என்று எழுத இயலாத கலத்தை அனுப்ப வேண்டா.

தலைமையாசிரியர்